இரண்டு மீட்டர் நாற்பது

"அக்கா, நான் மங்கலாத் தெரிஞ்சா தப்பு உங்களோடதா, என்னோடதா?" என்று போராம் ஒருமுறை நாகியோங்கிடம் கேட்டாள்.

ஹோங்சியோன் ஆற்றங்கரையில், மூன்றாவது டேக்குக்கும் நான்காவது டேக்குக்கும் நடுவில். யாரோ மேலே போட்ட நீளமான பஞ்சுக் கோட்டுக்குள் போராம் உடம்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். உதடு கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. கதாநாயகிக்குப் பதிலாக ஆற்றில் குதிக்க வந்தவள். இருபத்திரண்டு வயசு, பள்ளிக்கூடச் சீருடை வேஷம்.

"என்னோடதுதான். தூரம் பாக்கறது என் வேலை" என்று நாகியோங் சொன்னாள். ஃபோகஸ் பார்க்கும் கேமரா உதவியாளர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அது பதில்கூட இல்லை, தொழில் பழக்கம். தலைக்கு மேலே நீட்டியிருந்த மைக் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஏழாவது டேக்கில் போராம் தண்ணீருக்கு மேலே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, நாகியோங் ஒரு லென்ஸ் வாடகைக் கடையின் மாடியில், ஜன்னலே இல்லாத சோதனை அறையில் நின்றுகொண்டிருந்தாள். சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்பு. ஆறு மீட்டருக்கு அப்பால் எதிர்ச் சுவரில் கோடுகளும் வட்டங்களும் போட்ட சோதனை அட்டை, அதன்மேல் மட்டும் வெளிச்சம். நடுவில் ஒரு ஸ்டூல். தோல் நிறம் பார்க்க ஆளை உட்கார வைப்பதற்காகத் தரையில் திருகி வைத்தது. கேமராவுக்குப் பின்னால், அவள் முதுகுப் பக்கம், கம்பளி ஒட்டிய ஒரே கதவு.

அந்தக் கடையில் வேலை பார்க்கும் ஓக்பின் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினாள்.

"இதப் பாரு. ஆத்துல விழுந்த லென்ஸாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தொடச்சித் தரணுமாம். சோத்துத் தட்டு மாதிரி நெனச்சிட்டாங்க."

"உள்ள தண்ணி போயிருக்கா?"

"இல்ல, வேல செய்யுது. நீ ஒட்டின டேப்புகூட அப்பிடியே இருக்கு. அதப் பாத்துதான் உனக்கு போன் போட்டேன். எங்க ஓனருக்குத் தெரிஞ்சா என் சீட்டக் கிழிச்சிடுவாரு. அழறதுன்னா சத்தம் இல்லாம அழு."

"அழ வரல."

"அது மூஞ்சியிலயே தெரியுதுடி. யாரையோ கடிக்க வந்தவ மாதிரி இருக்க."

நாகியோங் லென்ஸைக் கையில் வாங்கினாள். கனமே இல்லை. அதுதான் முதலில் எரிச்சல் மூட்டியது. தயாரிப்பாளர் மா சாங்தே தன் தங்கை குழந்தையின் முதல் பிறந்தநாளைப் போட்டோ எடுக்க வாங்கிய ஸ்டில் கேமரா லென்ஸ் அது. படம் தொடங்கிய நாளில், பூஜையாக, கேமராவுக்கு முன்னால் பன்றித்தலை வைத்து, அரிசிக் கள் ஊற்றி, எல்லாரும் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். போராமும் கும்பிட்டாள். அன்றைக்கு கேமராவில் இருந்தது வாடகைக்கு எடுத்த நல்ல சினிமா லென்ஸ். கும்பிட்டு முடித்த மறுவாரமே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மா இதை நீட்டினார். "லென்ஸ்னா லென்ஸ்தான? ரெண்டும் கண்ணாடிதான?"

கண்ணாடிதான். ஆனால் போட்டோ எடுப்பவனுக்கு ஒரு கணம் போதும். தெளிவாக்கி, அமுக்கி, அடுத்த ஆளிடம் போய்விடுவான். சினிமாவில் ஆள் நடப்பாள், ஓடுவாள், விழுவாள். அவள்கூடவே தெளிவும் நடக்க வேண்டும். அதற்காகவே சினிமா லென்ஸின் வளையம் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். இரண்டு முனையிலும் 'டக்'கென்று முட்டி நிற்கும். அதன்மேல் செதுக்கிய தூரம் இன்றைக்கும் அதேதான், பத்து வருஷம் கழித்தும் அதேதான். இந்த ஸ்டில் லென்ஸின் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நேரடியாக ஒரு பிடிப்பும் கிடையாது. உள்ளே சின்ன மோட்டார். வேகமாகத் திருப்பினால் நிறைய நகரும், மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம் நகரும். எங்கேயும் முட்டாது. இதன்மேல் டேப் ஒட்டிக் கோடு போட்டால், அடுத்த டேக்கில் அந்தக் கோடு வேறு தூரத்தைச் சொல்லும்.

நாகியோங் முதல் டேக்கில் பழக்கதோஷத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டாள். அது அவள் செய்த தப்பு. மூன்றாவது டேக்கிலேயே கோடு ஏமாற்றுகிறது என்று புரிந்து மாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அப்போதே கேமராவை விட்டு அவள் விலகி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ கருகியது.

திங்கட்கிழமை விசாரணை. ஏழு தடவை எடுக்க வேண்டி வந்தது உதவியாளரின் கவனக்குறைவால்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கப்போகிறது. அது எடுபட்டுவிட்டால் இனி எந்தக் கேமராவையும் அவள் தொட முடியாது. போராமைக் கொன்றவள் என்ற பெயரும் கூடவே வரும்.

லென்ஸைக் கேமராவில் மாட்டி மானிட்டரைப் போட்டார்கள். எதிர்ச் சுவர் அட்டை மங்கலாக வந்தது. அட்டைக்கு முன்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, வெளுத்த ஒரு தீற்றல்.

"பூஞ்சை" என்றாள் ஓக்பின்.

"மூணு வாரத்துலயா?"

"அப்ப தண்ணிக் கறை."

ஓக்பின் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் துடைத்தாள். தீற்றல் போகவில்லை. நாகியோங் வளையத்தைத் திருப்பினாள். தீற்றல் கொஞ்சம் ஒடுங்கி, கொஞ்சம் விரிந்தது. கண்ணாடியில் இருக்கிற கறை ஃபோகஸுக்கு அப்படி அசைந்து கொடுக்காது. அது இருவருக்கும் தெரியும்.

கீழே மணி அடித்தது. "வாடகைக்கு எவனோ வந்திருக்கான். பத்து நிமிஷம்" என்றாள் ஓக்பின். "எதையாவது கீழ போட்டு ஒடச்சின்னா உன் சம்பளத்துல பிடிக்கக்கூட முடியாது. உனக்குச் சம்பளமே இல்ல."

கதவு கம்பளியோடு பொருந்தி மூடிக்கொண்டது. வெளிச் சத்தம் அறுந்து, விளக்கின் மெல்லிய ரீங்காரமும் அவள் மூச்சும் மட்டும் மிஞ்சின.

வந்த வேலையை அவள் தொடங்கினாள். மானிட்டர் பதிவு செய்ய, டேப்பிலிருந்த பழைய கோட்டுக்கு வளையத்தைக் கொண்டுவருவது, விலக்குவது, மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவருவது. பத்துத் தடவை. பத்தில் இரண்டு தடவைதான் அட்டை தெளிந்தது. மற்ற எட்டும் சேறு மாதிரி மங்கல். விசாரணைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இதே சேற்றுக்காகத்தான் ஒருத்தியை ஏழு தடவை பனித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். ஏழு தடவையிலும் அவள் முகம் ஒரு ஃப்ரேமில்கூடத் தெளிவாக விழவில்லை. செத்த பிறகு சாவு வீட்டில் மாலைக்கு நடுவில் வைத்த போட்டோவில்தான் அந்த முகத்தை நாகியோங் சரியாகப் பார்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் சிவப்பு மாட்டிறைச்சிச் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு படப்பிடிப்புக் கூட்டம் முழுவதும் கீழ்ப்பார்வை பார்த்து உட்கார்ந்திருந்தது.

பதிவை நிறுத்தியபோது, மானிட்டரில் அந்தத் தீற்றலுக்குக் கீழே இரண்டு கோடுகள் தெரிந்தன. மேலே வெள்ளை, நடுவில் கருநீலம், அதற்குக் கீழே மெலிதாக இரண்டு.

கால்கள்.

அவள் கேமராவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அறை காலி. ஸ்டூல். அட்டை. விளக்கு. மறுபடி மானிட்டரைப் பார்த்தாள். இருந்தது.

லென்ஸ் கெட்டிருக்கிறது, வேறென்ன. ஸ்டில் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஐம்பது மில்லிமீட்டர் சினிமா லென்ஸை எடுத்து மாட்டினாள். கையில் கல்போலக் கனத்தது. பல் வெட்டிய வளையம் ஒரே இறுக்கத்தில், எண்ணெய் போட்டதுபோலச் சுழன்றது. லென்ஸின் துளை முழுசாகத் திறந்திருந்ததால் தெளிவு ஒரு சாண் ஆழத்துக்குத்தான் இருந்தது. ஆறு மீட்டரில் அட்டையின் கோடுகள் ஊசியாகத் தெளிந்தன. அட்டைக்கு முன்னால் அது இருந்தது. அதே இடத்தில்.

அப்போதுதான் வாடை வந்தது. லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டின் காரவாடைக்கு அடியில், ஆற்றுச் சேறும் அழுகிய நாணலும், உடைத்த பனிக்கட்டியிலிருந்து எழும் அந்த இரும்பு மாதிரியான குளிர் நெடியும்.

வளையத்தை மெதுவாகத் திருப்பினாள். ஐந்து மீட்டர் பத்து சென்டிமீட்டரில் அது தெளிந்தது. நனைந்து உடம்போடு ஒட்டிய வெள்ளைச் சட்டை. சட்டை நுனியிலிருந்து சொட்டும் நீர். முன்னால் விழுந்து முகத்தை மூடிய முடி. தலை குனிந்திருந்தது. நாகியோங்கின் கை தானாக வளையத்தைத் தள்ளிவிட்டது. எல்லாம் மங்கின. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஐந்து பத்துக்குக் கொண்டுவந்தாள். தெளியவில்லை. திருப்பிக்கொண்டே வந்தாள். நான்கு அறுபதில் தெளிந்தது.

இந்த லென்ஸ் பொய் சொல்லாது.

இடுப்புப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பயம் வந்தால் சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள், அவள் அளப்பாள். கொக்கியைக் கேமராவில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மூன்று மீட்டர். நான்கு. நான்கு ஐம்பதில் நாடாவைப் பிடித்த விரல்கள் குளிர்ந்தன. நான்கு அறுபதில் கை ஏதோ ஒன்றுக்குள் போனது. காற்று இல்லை. காற்றைவிடக் கெட்டியான குளிர். இழுத்துக்கொண்டாள். விரல் நனைந்திருந்தது.

திரும்பி ஓடிவந்து கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மானிட்டர். வளையம். நான்கு பத்து.

என்னைத் தேடி வருகிறாள்.

"போராம்" என்றாள். "மன்னிச்சிடு. நான் அன்னிக்கே கேமராவ மூடியிருக்கணும்."

வளையம். மூன்று எழுபது.

கதவு திறந்தது.

மா சாங்தே. ஒட்டக நிறக் கோட்டு, மழித்துப் பளபளத்த கன்னம், இரண்டு கையிலும் இயந்திரத்தில் வாங்கிய சூடான டப்பாக் காப்பி. "கீழ அந்தப் பொண்ணு நீ இங்க இல்லன்னு சாதிக்கிறா. உன் செருப்பு வாசல்ல கெடக்கு" என்றார். ஒரு டப்பாவை அவள் பக்கம் மேசையில் வைத்தார். கழற்றி வைத்திருந்த லென்ஸைப் பார்த்தார், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அறைக்குள் நடந்து, அந்த ஒரே ஸ்டூலில் அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.

"குடிம்மா. ஆறிடும்."

அவள் கை வளையத்தைத் திருப்பி அவர் முகத்தைத் தெளிவாக்கியது. பழக்கம். ஆள் வந்து உட்கார்ந்தால் கை அதைச் செய்துவிடும். இரண்டு மீட்டர் நாற்பது. அவருக்குப் பின்னால் வெள்ளையாக அந்த மங்கல்.

"கோவம் இருக்கும். எனக்கு மட்டும் இல்லையா? மூணு வாரமா தூங்கல நான்." கோட்டுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். "கையெழுத்துப் போட்டாப் போதும். கவனக்குறைவுன்னுதான் எழுதியிருக்கு. வேற ஒண்ணும் எழுதல. ஒரு வருஷம் ஒதுங்கி இரு. அப்பறம் நானே கூப்பிடறேன்."

"லென்ஸ் சரியில்லன்னு மூணாவது டேக்லயே சொன்னேன், சார்."

"சொன்ன. எதுல இருக்கு அது? எங்கயும் இல்ல. நீ வேற ஒண்ணும் சொன்னியே, அது இருக்கு."

போனை எடுத்துத் தட்டினார். ஆற்றுக்காற்று இரைந்தது. பல் பல்லோடு தட்டுகிற சத்தம். பிறகு அந்தக் கேள்வி. பிறகு அவளுடைய குரல், சோம்பலாக, எதையும் யோசிக்காமல். *என்னோடதுதான்.*

மானிட்டரில் அவர் தோளுக்குப் பின்னால் அந்த மங்கல் அசைந்தது.

நாகியோங் வளையத்தைத் தள்ளினாள். மூன்று இருபது. தலை குனிந்திருக்கவில்லை இப்போது.

கேமராவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் கண்ணால் அளந்தாள். போராம் நடந்து வரும் கோடு கேமராவுக்கு வரவில்லை. கொஞ்சம் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக, நேராக ஸ்டூலுக்கு.

"சார்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழாவது தடவ இறங்கறதுக்கு முன்னாடி அவகிட்ட நீங்கதான் பேசுனீங்க. அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா. கால் மரத்துப்போச்சு, வேணாம்னா." மா டப்பாவைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். "சின்னப் பொண்ணுங்க மொதல்ல அப்பிடித்தான் சொல்லும். சூடா ஒரு காப்பிய கையில குடுத்து முதுகுல ரெண்டு தட்டு தட்டுனா போயிடும். போனாளா இல்லியா?"

நாகியோங் மேசையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். அதன் மேல்மூடியில் இன்னும் ஆவி ஒட்டியிருந்தது.

போராம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இது இதுவரை யாருக்கும் தெரியாது. கரையில் இருந்த நாற்பது பேருக்கும், அவளே இன்னொரு தடவை போகிறேன் என்று கேட்டதாகத்தான் சொல்லப்பட்டிருந்தது. மூன்று வாரமாக அவளையே தின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று நாகியோங்குக்குள் எழுந்து நின்று அவர் பக்கம் முகம் திருப்பியது. அந்த ஆள்மேல் மிச்சமிருந்த கடைசி மரியாதையும் போனது.

இரண்டு தொண்ணூறு.

"என்ன அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்க? இங்க பாரு" என்றான் மா.

இரண்டு எழுபது.

தூரத்தைச் சொல்வதுதான் அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். நாக்கு நுனியில் எண் வந்து நின்றது. எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை. இங்கே வாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும்.

"இங்க ஏசி போட்டிருக்காங்களா?" அவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டான். பிடரியைத் துடைத்து விரலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "ஒழுகுது. வாடகை மட்டும் கொள்ள வாங்கறானுங்க."

இரண்டு ஐம்பத்தைந்து.

அவள் கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

இரண்டு நாற்பத்தைந்து. இரண்டு நாற்பது.

அவன் முகமும் அந்த முகமும் ஒரே கோட்டில் தெளிந்தன. அவன் காதுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு கன்னமாக. முடி விலகியிருந்தது. இமையில் கோத்த நீர், மேலுதட்டின் சின்ன வெட்டுக் காயம், பனிக்கட்டி கிழித்த நெற்றி. ஏழு டேக்கில் அவள் பிடிக்க முடியாமல் போனது அத்தனையும், மயிரிழை மயிரிழையாக. போராமின் கண் கேமராவைப் பார்க்கவில்லை. அவனுடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல.

நாகியோங் வெள்ளைப் பென்சிலை எடுத்தாள். வளையத்தில் இரண்டு நாற்பதுக்கு நேராக ஒரு கோடு போட்டாள். பென்சிலை வைத்தாள். பதிவு கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தன் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற? நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல? கையெழுத்து?"

கதவைத் திறந்தாள். கம்பளி உரசியது. ஒருமுறை திரும்பி மானிட்டரைப் பார்த்தாள்.

வெளுத்து ஊறிய இரண்டு கைகள் அவன் தாடைக்கு அடியில் வந்திருந்தன. கொஞ்சமும் அவசரமில்லாமல் அவன் முகத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன. முகம் தோளுக்கு வந்தது. தோளைத் தாண்டியது. அவன் வாய் இன்னும் ஏதோ சொல்ல அசைந்துகொண்டிருந்தது. கைகள் நிறுத்தவில்லை.

நாகியோங் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனாள்.